நான் காவலிருந்த கடற்கரை

யாராவது உதவி கேட்டால், முழுதாகக் கேட்டு முடிப்பதற்குள் தலையாட்டிவிடுகிற வியாதி எனக்கு உண்டு. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஒக்லாந்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பின்னேரம் வேலிக்கு மேலால் தலையை நீட்டினார். வெள்ளைக்காரர், பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். ஞாயிறு காலையில் கடற்கரையைப் பார்த்துக்கொள்ள ஆள் போதாமல் இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டார். அலையில் அகப்பட்டவர்களைக் காப்பாற்றுகிற சங்கம் ஏதோ என்று நினைத்தேன். எனக்கு நீந்தத் தெரியாது. இருந்தும் ஓம் என்றேன். த்ரீ கிங்ஸ் பகுதிக்கு நாங்கள் குடிவந்த புதிதில் புல்வெட்டும் மெஷினையும் ஏணியையும் கேட்காமலே கொண்டுவந்து தந்தவர். எள் என்றால் எண்ணெயாக நிற்கிற மனிதர். அவருடைய முகத்தை முறிக்க எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த ஞாயிறு காரில் போகும்போதுதான் விஷயம் தெரிந்தது. நகரத்துக்கு வெளியே, கிழக்குக் கரையில், ஒரு கடற்குடாவில், அவருக்கு ஒரு சின்ன விடுமுறை வீடு இருந்தது. விசாவும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல் ஆட்களை ஏற்றிக்கொண்டு வடக்கிலிருந்து ஒரு கப்பல் வரப்போகிறது என்று அந்தக் குடாவில் ஒரு வதந்தி. அங்கே வீடு வைத்திருந்த ஓய்வுபெற்றவர்கள் பதினைந்து பேர் சேர்ந்து காவலுக்கு முறை போட்டிருந்தார்கள். இரண்டிரண்டு பேராக மூன்று மணி நேரம். சந்தேகமான படகையோ கரையிறங்கிய ஆட்களையோ கண்டால் பொலிசுக்கு ஃபோன் பண்ணவேண்டும். வேறொன்றும் செய்யக்கூடாது. அவர் எனக்கு முன்னும் பின்னும் ‘கடற்கரைக் காவல்’ என்று இங்கிலீஷில் பெரிய எழுத்துப் போட்ட செம்மஞ்சள் அங்கி ஒன்றையும் ஒரு பைனாகுலரையும் தந்தார்.

நான் யார் என்பதையும் சொல்லவேண்டும். ஐந்து வருடங்களுக்கு முன், இதே ஊர் விமான நிலையத்தில், இன்னொருவனுடைய பெயரில் இருந்த பாஸ்போர்ட்டோடு வந்திறங்கி, நான் அகதி என்று கையைத் தூக்கியவன். பிறகு விசா கிடைத்தது, வேலை கிடைத்தது, மோர்ட்கேஜ் என்ற பெயரில் ஒரு வீடும் கிடைத்தது. அன்றைக்கே காரை நிறுத்தச் சொல்லி, ஐயா, நீங்கள் தேடுகிற ஆள் பக்கத்து சீட்டில்தான் இருக்கிறான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதைவிட வெட்கமான உண்மை, எனக்கு அது பிடித்திருந்தது. வாழ்க்கையில் எத்தனையோ சோதனைச் சாவடிகளில் வரிசையில் நின்றவன் நான். முதன்முறையாகச் சோதிக்கிற பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன். நாய் கூட்டிக்கொண்டு நடக்க வருகிறவர்கள் அங்கியைப் பார்த்துவிட்டு மரியாதையாகக் காலை வணக்கம் சொல்லிப் போவார்கள். ஆற்றைக் கடக்கும் மட்டும் அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ என்பார்கள். நான் கடலையே கடந்தவன்.

நாலு மாதம் போனேன். கண்டது பாய்மரப் படகுகள், மீன்பிடிக்கிற லாஞ்சுகள், ஒரு சீல். எல்லாவற்றையும் நேரத்தோடு கொப்பியில் எழுதினோம். அவர் இஞ்சி பிஸ்கட் கொண்டுவருவார், நான் பிளாஸ்கில் தேத்தண்ணீர் கொண்டுபோவேன். பிஸ்கட்டைத் தேத்தண்ணீரில் எத்தனை நேரம் தோய்த்தால் முறியாது என்பது பற்றி அவருக்குத் திடமான கருத்துகள் இருந்தன. வீட்டில் மனைவிக்கு, அவருடைய விடுமுறை வீட்டுக்குப் பெயின்ற் அடிக்க உதவுகிறேன் என்று சொல்லியிருந்தேன். நாலு மாதம் அடிக்க அது என்ன அரண்மனையா என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை.

அவளிடம் உண்மையைச் சொல்லாததற்குக் காரணம் எங்கள் கராஜில் இருந்தது. அங்கே ஒரு அண்ணை குடியிருந்தார். உறவில்லை, ஊர்ப்பக்கத்து ஆள். ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க், இங்கே கந்தோர்க் கட்டடங்கள் துப்புரவு செய்கிற வேலை. அவருடைய அகதி விண்ணப்பத்தை நிராகரித்தார்கள், அப்பீலையும் நிராகரித்தார்கள். விசா முடிந்து ஒன்றரை வருடம். பிடிபட்டால் அடுத்த விமானத்தில் கொழும்பு. அங்கே இறங்கினால் என்ன நடக்கும் என்பதை அவர் சொல்லமாட்டார், நாங்களும் கேட்கமாட்டோம். வீட்டுக்கு முன்னால் ஒரு காரின் கதவு அடித்துச் சாத்தப்பட்டால் போதும், கராஜில் ரேடியோ சத்தம் நின்றுவிடும்.

அந்த வருடம் ஆடி அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. தகப்பன் இல்லாதவர்கள் விரதமிருந்து, கடலில் தலைமுழுகி, எள்ளும் தண்ணீரும் இறைக்கிற நாள். என் அப்பா அப்போது ஊரில் உயிரோடு இருந்தார், எனக்கு விரதமில்லை. எங்கள் ஆட்கள் வழக்கமாக நகரத்துக் கடற்கரை ஒன்றுக்குத்தான் போவார்கள். அதனால் நான் வழக்கம்போல அங்கியை மாட்டிக்கொண்டு காவலுக்குப் போய்விட்டேன். அன்று காலை அந்த நகரத்துக் கடற்கரையில் கடல் வற்றியிருந்ததும், முழங்காலளவு தண்ணீருக்கு அரை மைல் சேற்றில் நடக்கவேண்டியிருந்ததும், கோயில் ஐயர் ஆட்களை ஏற்றியிருந்த வான் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஆழமான கடல் தேடிக் கிளம்பியதும் எனக்கு எப்படித் தெரியும்?

எட்டரை மணியிருக்கும். நல்ல குளிர், கடலில் லேசான பனிப்புகார். தூரத்தில் ஒரு லாஞ்ச் நங்கூரமிட்டு நின்றது. நான் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் திடீரென்று எழும்பினார்.

"வந்துவிட்டார்கள்" என்றார்.

குடாவின் மறுமுனையில் கடலுக்குள்ளிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். வெள்ளைத் துணி உடம்போடு ஒட்டியிருந்தது, காலில் செருப்பில்லை, கையில் பொட்டலங்கள். அவர்கள் வந்த வான் பைன் மரங்களுக்குப் பின்னால் மறைந்திருந்தது. அந்த லாஞ்சிலிருந்து இறங்கி நீந்தி வந்தவர்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

"உன் கண் நல்ல கண். எத்தனை பேர் என்று எண்ணு" என்று பைனாகுலரை என்னிடம் தந்துவிட்டு, அவர் செங்கல் மாதிரி இருந்த தன் கைத்தொலைபேசியை எடுத்தார்.

எண்ணினேன். பதின்மூன்று என்றேன். சொன்ன பிறகுதான் முகங்களைப் பார்த்தேன். முதலில் ஐயர், வார நாட்களில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். கடைசியில், விரலில் தர்ப்பையும் தலையில் ஈரமுமாக, எங்கள் கராஜ் அண்ணை.

"ஃபோன் அடிக்க வேண்டாம்! அவர்கள் என் ஆட்கள்" என்று கத்திவிட்டேன்.

அவர் விரலை எண்களின்மேல் வைத்தபடியே என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை நான் அவரிடம் அதற்கு முன் கண்டதில்லை. "உன் ஆட்களா? இவர்களுக்காகத்தான் நாலு மாதமும் இங்கே வந்து உட்கார்ந்திருந்தாயா?" என்று கேட்டார்.

எனக்குக் கோபமும் வந்தது, பயமும் வந்தது. இறந்துபோன அப்பாமாருக்கான நாள் இது, வானில் வந்தவர்கள், குளித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்று தெரிந்த இங்கிலீஷில் கொட்டித் தீர்த்தேன்.

"இந்தக் குளிரிலா?"

"இங்கே குளிர் என்பது எங்கள் ஊர்ப் பஞ்சாங்கத்துக்குத் தெரியாது."

அவர்களை இன்னொருதரம் பார்த்தார். பிறகு, "இவர்கள் எல்லோருக்குமே அப்பா இறந்துவிட்டாரா?" என்று கேட்டுவிட்டுத் தொலைபேசியைக் கீழே இறக்கினார். எனக்குப் போன உயிர் வந்தது. அத்தோடு விட்டிருந்தால் இதை எழுதவேண்டி வந்திருக்காது. அவர் காருக்குப் போய்ப் பின்பெட்டியைத் திறந்தார். உள்ளே சாம்பல் நிறப் போர்வைகள் கட்டாக அடுக்கியிருந்தன. இது எதற்கு என்றேன். "கடலால் வருகிறவர்கள் நனைந்துதானே வருவார்கள்" என்று, நான் ஏதோ முட்டாள்தனமாகக் கேட்டதுபோலச் சொன்னார். போர்வைகளைத் தோளில் போட்டுக்கொண்டு மணலில் இறங்கி நடக்கத் தொடங்கினார். நானும் பின்னால் ஓடினேன். அங்கியைக் கழற்றவேண்டும் என்று தோன்றவே இல்லை.

இரண்டு செம்மஞ்சள் அங்கிகள் வருவதைக் கண்டு எல்லோரும் அப்படியே நின்றார்கள். கிட்டப் போனதும் ஐயர்தான் என்னை அடையாளம் கண்டு, "தம்பி, இதென்ன கோலம்?" என்று சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒவ்வொருவர் தோளிலும் போர்வையைப் போட்டுவிட்டார்.

அண்ணை சிரிக்கவில்லை. என் நெஞ்சில் இருந்த எழுத்தை வாசித்தார். பக்கத்து வீட்டுக்காரருடைய கையில் இருந்த தொலைபேசியைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அப்படியே திரும்பி, மணலில் கழற்றி வைத்திருந்த சப்பாத்தைக்கூட எடுக்காமல், பைன் மரங்களின் பக்கம் போனார். ஓடவில்லை. ஓடினால்தான் பிடிப்பார்கள் என்று தெரிந்தவரின் நடை அது. அண்ணை, பயப்படாதேங்கோ, இவர் நல்ல மனுசன் என்று கத்த வாய் எடுத்தேன். கத்தினால் எல்லோருடைய கண்ணும் அவர்மேல் திரும்பும். வாயை மூடிக்கொண்டேன்.

வான் போன பிறகு பக்கத்து வீட்டுக்காரர் மிஞ்சியிருந்த ஒரு போர்வையை மடித்துக்கொண்டு, "ஒருவருக்குக் கொடுக்கவில்லையே" என்றார்.

"அவர் கழிப்பறைக்குப் போனார்."

"கழிப்பறை இந்தப் பக்கம்தான் இருக்கிறது" என்றார் மெதுவாக.

நான் கடலைப் பார்த்தேன். அவரும் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். பிறகு கொப்பியை எடுத்து எழுதினார்: எட்டு நாற்பது. உள்ளூர்வாசிகள் பன்னிரண்டு பேர் குளித்தார்கள். பதின்மூன்று என்று எண்ணிச் சொன்னவன் நான், அதை அவர் மறந்திருக்க வழியில்லை. பேனையை மூடிவிட்டு, இன்னும் தேத்தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த நாட்டில் எனக்கு எத்தனையோ பேர் உதவி செய்திருக்கிறார்கள், இதற்கு ஈடாக ஒன்றும் இல்லை.

முறை முடிந்து வீடு திரும்பும் வழியெல்லாம் அண்ணையிடம் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். பயப்பட ஒன்றுமில்லை, அந்த மனுசன் உங்களைக் கணக்கிலேயே எடுக்கவில்லை என்று சொல்லவேண்டும். அவருடைய முகம் தெளிவதைக்கூடக் கற்பனை பண்ணிவிட்டேன்.

வீட்டில் சோறும் மரக்கறிகளுமாக ஏழெட்டுச் சட்டிகள் மேசையில் நிரம்பியிருந்தன. மனைவி கதிரையில் உட்கார்ந்திருந்தாள். கராஜ் கதவு திறந்து கிடந்தது. உள்ளே கட்டில் மட்டும் இருந்தது.

"ஈர வேட்டியோட வந்தவர். உடுப்புப் பையை எடுத்துக்கொண்டு போயிட்டார். காலையில இருந்து பச்சைத்தண்ணி குடிக்கேல்லை, ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போங்கோ அண்ணை எண்டு கையைப் பிடிக்காத குறையாக் கேட்டுப் பார்த்திட்டன்."

"எங்க போறன் எண்டு சொன்னவரே?"

"சொல்லேல்லை. ஒண்டே ஒண்டுதான் கேட்டவர். தம்பி எவ்வளவு காலமா அவங்களோட நிக்கிறார் எண்டு. எவங்களோட?"

எல்லாவற்றையும் சொன்னேன். முடித்த பிறகு, "அப்ப எவ்வளவு காலம்?" என்றாள்.

"நாலு மாதம்."

"நாலு மாதமும் அந்த மனுசன் எங்கட வீட்டிலதானே நித்திரை கொண்டவர்" என்றாள்.

அங்கியை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன், பக்கத்து வீட்டுக்காரர் காரணம் கேட்கவில்லை. அண்ணையை ஐயரிடம் விசாரித்தேன், துப்புரவு வேலைக்காரரிடம் விசாரித்தேன், கோயிலில் விசாரித்தேன். தெரிந்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் அதற்குள் எல்லோருக்கும் கதை தெரிந்திருந்தது. கடற்கரையில் காவல் நின்றவனுக்கு யார் சொல்வார்கள்?