மிதவைகளுக்கு இந்தப் பக்கம்

குளுவாங் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ஒரே வரி: பரமேஸ்வரி மேடம் காலமானார். மாரடைப்பாம். வாங்கிய மீனைக் கடையிலேயே விட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். அவர் வீடிருக்கும் மூவார் போய்ச் சேரும்வரை ஒரே எரிச்சல். யார்மேல் என்று கேட்டால், அவர்மேல்தான். ஓய்வு பெற்று முழுதாக ஒரு வருடம்கூட ஆகவில்லை. இப்படியா போவது?

பரமேஸ் அக்காவை அறிந்தவர்களுக்கு நான் எதுவும் சொல்லத் தேவையில்லை. அறியாதவர்களுக்காக: கழிமுகத்தைச் சீரமைக்கும் அரசாங்கத் திட்டத்தில் அவர் எங்கள் இலாகாவின் பொறியியலாளர். சிலோன்காரக் குடும்பம். நான் தோட்டத் தொழிலாளர் குடும்பத்திலிருந்து வந்தவன், அவருக்குக் கீழே தொழில்நுட்ப உதவியாளன். அரித்துப்போன கரையில் மறுபடி சேறு படிய வேண்டும், பாக்காவ் என்னும் அலையாத்தி மரங்கள் வேர்பிடிக்க வேண்டும், அதுதான் எங்கள் வேலை. முடியாது என்பதற்கு அவர் சொல்லும் "ஏலாது" இலாகா முழுக்கப் பிரசித்தம். மலாய்க்கார நண்பர்கள்கூட விளையாட்டுக்கு "ஏலாது லா" என்பார்கள்.

முதல் நடுகைக்கு டத்தோ பட்டம் பெற்ற ஒரு பிரமுகர் வந்தார். கூடாரத்துக்கு நேரெதிரே, படம் அழகாக விழும் இடத்தில், கன்றுகளை வரிசை பிடித்து நட்டோம். அந்த இடம் மிகவும் தாழ்வு, அலையில் நிற்காது என்று அக்கா முன்பே சொல்லியிருந்தார். மேலிடம் கேட்கவில்லை. சில வாரங்களில் எல்லாவற்றையும் தண்ணீர் வாரிக்கொண்டு போனது. அறிக்கையில் இதை எப்படிப் பூசி மெழுகலாம் என்று கூட்டத்தில் எல்லாரும் மண்டையைக் குடைந்துகொண்டிருக்க, அவர் வாயைத் திறந்தார்: "நாங்கள் மரம் நடேல்லை. படம் எடுத்தனாங்கள். அதையே எழுதுங்கோ." அலமாக்! சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை சரியான இடத்தில் நட்டோம். படகு கிளப்பும் அலை அந்த இளங்கன்றுகளைப் பிடுங்கிவிடும் என்பதால், கிளையாற்றின் வாயில் மிதவைகள் கட்டிப் படகுகளைத் தடுத்தார் அக்கா. ஆனால் நம்மவர்கள் அஸ்தியைப் படகில் கொண்டுபோய்க் கரைப்பதும் அங்கேதான். விளக்கம் சொல்லக் கோயில் மண்டபத்துக்குப் போனோம். ஒருவர் எழுந்து, "நீங்க இந்துதானா மேடம்? செத்தவங்களக்கூட விட மாட்டீங்களா?" என்று கத்தினார். நானாக இருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கொடுத்திருப்பேன். அக்கா அவர் முடிக்கும்வரை காத்திருந்தார். "இந்து எண்டபடியால்தான் நானே வந்தனான். வேற ஆளெண்டால் ஒரு போர்டை நட்டுப்போட்டுப் போயிருப்பார். பொது ஜெட்டியில படி கட்டித் தாறன். சாம்பலையும் பூவையும் விடுங்கோ. பானை, சேலை, பிளாஸ்டிக் மாலை ஏலாது." சொன்னபடியே அந்தப் படகுத்துறையில் படி கட்டிக் கொடுத்தார்.

அவர் உடல் இன்னும் வீட்டுக் கூடத்தில் இருக்கும்போதே, இப்போதைய அதிகாரி குமரன் என்னை ஓரமாக அழைத்தார். அம்மா காப்பாற்றிய கிளையாற்றுக்குள்ளேயே அம்மாவைக் கரைக்க வேண்டும் என்று அக்காவின் மகன் கேட்டாராம். ஒரே ஒரு படகு. "குடுத்துடலாம் மணியம். ஒரு மரியாதை லா. யாரு கேள்வி கேக்கப் போறா?"

ஒரு படகு உள்ளே போனால் அடுத்த வாரம் ஊரே வந்து நிற்கும். மண்டபத்தில் கத்தியவர் முதல் ஆளாக வருவார், நியாயமாகவும் வருவார். அழுதுகொண்டிருக்கும் பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது? உட்கார்ந்தேன், எழுந்தேன், வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தேன். கடைசியில் சொல்லிவிட்டேன்: "தம்பி, வேணாம். அம்மாவே விட்டிருக்க மாட்டாங்க."

"அதச் சொல்ல நீங்க யாரு அங்கிள்?" என்று சீறினார் அவர். அக்காவின் கணவர்தான், தலை நிமிராமலே, "மணியம் சொல்றது சரி. அவள் இருந்தால் படகைத் திருப்பி அனுப்பியிருப்பாள்" என்றார்.

தகனம் முடிந்த மறுநாள் பொது ஜெட்டிக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் வேறொரு குடும்பம் இருந்தது. அவர்கள் முடிக்கும்வரை வெயிலில் நின்றோம். மகன் என் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு படியில் இறங்கி, தாயின் சாம்பலைக் கையால் அள்ளி நீரில் விட்டார். தாயை இழந்த பிள்ளையை இப்படிக் காக்க வைத்துவிட்டோமே என்ற குமைச்சல் எனக்கு இன்னும் போகவில்லை.

போன வாரம் விடுதி நடத்தும் ஒருவர் பெரிய இடத்துச் சிபாரிசோடு வந்தார். சுற்றுலாப் படகுகளைக் கிளையாற்றுக்குள் விட வேண்டுமாம். "போஸ், இத உண்டாக்கின மேடத்தோட சாம்பலுக்கே நாங்க தொறந்து விடல" என்றார் குமரன். வந்தவர் எழுந்து போய்விட்டார். நான் வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

இந்தத் தடவை தப்பித்தோம். அடுத்து வருகிறவர் இதற்கு மசிவாரா, தெரியாது. கழிமுகம் தேறிவிட்டது என்று அக்கா ஒரு நாளும் நிம்மதியாகச் சொன்னதில்லை. "நாளைக்கு ஆர் வருவினமோ" என்பார். அந்தப் பதைப்புதான் அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது. எனக்கும் ஓய்வு பெறும் வயது நெருங்குகிறது. அவரை அறிந்த உங்களைத்தான் கேட்கிறேன்: என்னிடமிருந்து அதை யார் வாங்கிக்கொள்ளப் போகிறீர்கள்?