சொம்புகிட்ட பேசினவரு

அதான் செல்வி, அவரைப் பைத்தியம்னு ஊரே சொல்லிக்கினு இருந்துச்சு. கும்மிடிப்பூண்டியில கம்பெனிங்க வந்த புதுசு, நான் இட்லிக்கடை வெச்சிருந்தேன். ஒல்லியா, கண்ணாடி போட்ட இஞ்சினீரு ஒருத்தர் தனியாத்தான் வருவாரு. மீன் கொழம்பு ஊத்தினா ரெண்டு இட்லி சேத்துத் துன்னுவாரு, அது வேற கதை. உக்காந்ததும், "சொம்பே, தண்ணி குடு"ன்னுவாரு, சொம்பப் பாத்து!

"இன்னா சார் இது?"ன்னேன்.

"கம்ப்யூட்டருக்கு ஒரு பாஷை செய்யறேன்க்கா. அதுல ஒவ்வொரு பொருளுக்கும் தன் வேலை தெரியும். நாம சொன்னா போதும், அதுவே செஞ்சிடும்."

"தோசைக்கல்லுக்கே வேலை தெரிஞ்சா அப்புறம் நான் எதுக்கு?"

சிரிச்சாரு.

"யாரு பேசறாங்க அந்த பாஷைய?"ன்னு கேட்டேன்.

"இப்போதைக்கு நான் மட்டுந்தான்."

ஒரு நாள் அந்த பாஷைய கம்ப்யூட்டருல ஓட்டிப் பாக்கறதுக்கு, அத எழுதி ஓட்டை போட்ட அட்டைக் கட்டைத் தூக்கிக்கினு மெட்ராசு போனாரு. அங்க மிஷினைத் தொடவே விடல. திரும்பி வந்து சும்மா உக்காந்துகினு இருந்தாரு, சொம்புகிட்டகூடப் பேசல. எனக்கு மனசு கேக்கல. "சொம்பே, சாருக்குத் தண்ணி குடு"ன்னேன்.

நிமுந்து பாத்தாரு, கண்ணு கலங்கிடுச்சு. "இப்ப ரெண்டு பேரு ஆயிட்டோம்க்கா"ன்னாரு.

அப்புறம் எங்க போனாரோ, வேற யாராச்சும் அந்த பாஷைய பேசறாங்களோ...

ஐயோ, பால் பொங்குது! ஏ அடுப்பே, கொஞ்சம் பொறு, தோ வரேன்!