கச்சான் கூடாத பிள்ளை

அந்தப் பிள்ளையை முன்பள்ளியில் சேர்க்க வந்த உம்மா, பேர் எழுதுவதற்கு முன்பே சொன்ன வார்த்தை இதுதான்.

“டீச்சர், இவளுக்குக் கச்சான் கூடாது.”

நான் தலையை நிமிர்த்தாமல் “ஓம்” என்றேன். பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற எல்லா உம்மாமாரும் ஏதாவது ஒன்று சொல்வார்கள். ஒருவர் வெயிலில் விடவேண்டாம் என்பார். இன்னொருவர் ஐஸ் தண்ணீர் கூடாது என்பார். எல்லாவற்றுக்கும் ஓம் சொல்லிப் பழகிப்போயிருந்தேன்.

அவர் போகவில்லை. “ரெண்டு வயசுல ஒருக்கா தின்டவ. ஒரேயொரு கொட்டதான். மொகமெல்லாம் வீங்கி, மூச்செடுக்க ஏலாமப் போச்சு. ஆஸ்பத்திரியில வச்சுத்தான் உசிரு வந்த.”

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். உப்பளத்தில் வேலை செய்கிறவர். கால்விரல் இடுக்குகளெல்லாம் வெடித்திருந்தன. பிள்ளை அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு என் மேசையிலிருந்த பென்சில்களை எண்ணிக்கொண்டிருந்தாள். நாலு வயது. பதிவேட்டில் அவளுடைய பேருக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் ‘கச்சான் (நிலக்கடலை) இல்லை’ என்று எழுதினேன்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. புத்தளத்தில் தில்லையடிப் பக்கம், எங்களைப்போல் இடம்பெயர்ந்து வந்தவர்களுடைய வீடுகளுக்கு நடுவே ஒரு சின்ன மண்டபத்தில் முன்பள்ளி நடந்தது. மன்னாரிலிருந்து வந்தபோது நானே கைப்பிள்ளை. யுத்தம் முடிந்ததும் திரும்பிப் போகிறவர்கள் ஒவ்வொரு குடும்பமாகப் போனார்கள். என்னோடு படிப்பித்த டீச்சரும் போய்விட்டார். அவருக்குப் பதிலாக யாரும் வரவில்லை. இருபத்தாறு பிள்ளைகளுக்கு நான் ஒருத்தி. உதவிக்கு, ராத்தா என்று நாங்கள் கூப்பிடுகிற ஒரு அக்கா. ஐம்பதைத் தாண்டியவர், புத்தளத்திலேயே பிறந்து வளர்ந்தவர். கஞ்சி காய்ச்சுவது, மூக்குத் துடைப்பது, அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டுவது எல்லாம் அவர்தான்.

இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒருநாள், எங்கள் பிள்ளைகளில் ஒருவனுடைய வாப்பா சவூதியிலிருந்து லீவில் வந்திருந்தார். அவருடைய மனைவி எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்கச் சொல்லி ஒரு பெரிய பிஸ்கட் பெட்டியைத் தந்துவிட்டுப் போனார்.

நான் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். முழுக்க அரபு எழுத்து. எனக்கு அரபு வாசிக்க வரும். சின்ன வயதில் மத்ரஸாவில் ஓதியவள். இன்றைக்கும் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு ஓதுகிறவள். ஸபர், ஸேர் என்ற உயிர்க்குறிகள் போடாத எழுத்தென்றாலும் மெல்லக் கூட்டிவிடுவேன். பொருள் மட்டும் தெரியாது. பெட்டியின் பின்பக்கத்தில் வரிசையாக இருந்ததை ஒவ்வொன்றாக வாசித்தேன். ‘ஃபூல் சூதானி’ என்றும் வாசித்தேன். சூடான் நாட்டுப் பிஸ்கட்டாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஒன்றை உடைத்தும் பார்த்தேன். நடுவில் மண்ணிறத்தில் ஒரு பசை. கொட்டை எதுவும் கண்ணில் படவில்லை. சொக்லட் வாசம்தான் வந்தது. அன்று நான் ரமழானில் விட்டுப்போன கழா நோன்பு பிடித்திருந்ததால் வாயில் வைத்துப் பார்க்கவில்லை.

“குடுங்க ராத்தா, இதுல கச்சான் இல்ல” என்றேன்.

பிள்ளைகள் தின்று முடித்துப் பாட்டுக்கு எழும்பினார்கள். அவள் மட்டும் எழும்பவில்லை. உதட்டைச் சொறிந்துகொண்டு இருந்தாள். கழுத்தில் சிவப்புத் தடிப்புகள். பிறகு இருமல். பாயிலேயே வாந்தி எடுத்தாள். “டீச்சர்” என்று கூப்பிட்டபோது குரல் கரகரத்தது.

கச்சான் கொடுக்கவில்லை, ஆகவே இது அதுவல்ல. என் மூளை அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

“கண்ணூறு பட்டிரிக்கி. இண்டைக்கிப் புதுச் சட்ட போட்டு வந்தவ” என்று ராத்தா ஒரு கோப்பைத் தண்ணீரை எடுத்து ஓத ஆரம்பித்தார். நான் தடுக்கவில்லை. பிள்ளையின் முகத்தைக் கழுவினேன். உம்மாவுக்குப் போன் எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் போனைப் பையோடு கொட்டிலில் வைத்துவிட்டுத்தான் பாத்திக்குள் இறங்குவார்கள். திரும்பவும் எடுத்தேன். அப்படிப் போன நேரம் எவ்வளவு என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அவளுடைய தலை சரிந்தபோதுதான் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். முதலில் வந்த ஆட்டோவில் ஏறினேன். ஆட்டோக்காரர் ஹோர்னில் வைத்த கையை ஆஸ்பத்திரி வாசல்வரை எடுக்கவில்லை.

டொக்டர் தொடையில் ஊசி போட்டார். முகத்தில் மூடி வைத்து ஒட்சிசன் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் உதட்டில் நிறம் வந்தது. அவள் அழத் தொடங்கினாள். அந்த அழுகையைக் கேட்டுத்தான் நான் கீழே உட்கார்ந்தேன்.

“தொடங்கி எவ்வளவு நேரத்தில் கொண்டுவந்தீர்கள்?” என்று டொக்டர் சிங்களத்தில் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. துண்டில் எழுதிக்கொள்வதற்காகக் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

உம்மா பின்னேரம்தான் வந்து சேர்ந்தார். நான் கச்சான் கொடுக்கவில்லை என்று சத்தியம் செய்தேன். அவர் பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டிருந்தார். நம்பினாரா என்று தெரியவில்லை.

அடுத்த நாள், சவூதியிலிருந்து வந்தவர் வீட்டில் கிடந்த அதே பிஸ்கட்டின் வெறும் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு முன்பள்ளி வாசலில் நின்றார்.

“டீச்சர், நான் பாக்காமத்தான் குடுத்தனுப்பின. ஃபூல் சூதானி எண்டா அங்க கச்சானுக்குச் சொல்றது.”

நான் அன்றே உம்மாவுடைய வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். “நான் அத வாசிச்சன். வாயால வாசிச்சன். பொருள் தெரியா.”

அவர், “எனக்கு வாசிக்கவும் தெரியா டீச்சர்” என்றார்.

முன்பள்ளிக் குழு கூடியது. பிள்ளையை எடுக்க வேண்டாம் என்றார்கள். “நாளைக்கி ஒண்டு நடந்தா ஆரு பொறுப்பு? உங்களத்தான் டீச்சர் கேப்பாங்க” என்றார் தலைவர். உண்மையைச் சொன்னால், எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அந்த வாரம் முழுக்க நான் சரியாகத் தூங்கவில்லை. ஒரு பிள்ளை இருமினால் ஓடிப்போய்க் கழுத்தைப் பார்த்தேன். அவள் வராமல் விட்டால் நிம்மதி என்று நினைத்தேன், நினைத்ததற்காக வெட்கப்பட்டேன், பிறகும் நினைத்தேன்.

உம்மா வந்தார். குழு சொன்னதைச் சொன்னேன்.

“வேறெங்க கொண்டு போற டீச்சர்? அங்கயும் கச்சான் இரிக்கிந்தானே” என்றார். “நீங்க கண்ணால கண்டிருக்கீங்க. மத்தவங்க காணல்ல.”

அன்றே குழுத் தலைவரிடம் போய், பொறுப்பை நான் எடுக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். துணிவினால் செய்ததல்ல. மறுத்துப் பேசக் களைப்பாக இருந்தது.

பிள்ளைகளுக்கான டொக்டரிடம் மூன்று பேரும் போனோம், உம்மாவும் ராத்தாவும் நானும். பேனா மாதிரி ஒரு ஊசி வெளிநாட்டில் இருக்கிறதாம், அழுத்தினால் போதுமாம். இங்கே எங்களைப் போன்றவர்களுக்கு அது எட்டாது என்று சொல்லி, ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியையும் சிரிஞ்சையும் எடுத்து வைத்தார். சிரிஞ்சில் பேனாவால் கோடு போட்டார். “இந்தக் கோடு மட்டும். தொடையில, வெளிப்பக்கம். சட்டைக்கு மேலால போட்டாலும் சரி.” மேசையில் ஒரு தோடம்பழத்தை வைத்து, சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பிக் குத்தச் சொன்னார். முதல் தடவை குத்தியபோது பழம் உருண்டு கீழே விழுந்தது. ராத்தா எடுத்து வந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

தடிப்போடு மூச்சுக் கஷ்டமோ வாந்தியோ சேர்ந்து வந்தால் யோசிக்கக் கூடாது, முதலில் ஊசி, சொறிக்குக் குடிக்கிற பாணி மருந்தை நம்பி நிற்கக் கூடாது என்றார். தேவையில்லாமல் போட்டுவிட்டால் நெஞ்சு கொஞ்சம் படபடக்கும், அவ்வளவுதான். போடாமல் விடுவதுதான் ஆபத்து. படுக்கவைத்துக் காலை உயர்த்த வேண்டும். மூச்சுவிடக் கஷ்டப்பட்டால் உட்காரவைக்கலாம். தூக்கி நிமிர்த்திக்கொண்டு ஓடக் கூடாது. தோளில் போட்டுக்கொண்டு ஓடியதை நான் அவரிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் ஒரே வேலை. இருபத்தாறு சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறந்து பார்ப்பது. எல்லாப் பிள்ளைகளுடைய கையையும் வாயையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுவது. பாஷை தெரியாத பெட்டியில் எது வந்தாலும் திருப்பி அனுப்புவது. குப்பியின் திகதியைப் பார்ப்பது. உம்மாமாருக்குப் பிடிக்கவில்லை. “ஒரு புள்ளக்காக எங்கட புள்ளகள் எல்லாம் கச்சான் தின்னாம இரிக்கணுமா?” என்று ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார். வீட்டில் தின்னட்டும், இங்கே வேண்டாம் என்றேன். அதை எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொன்னேன் என்று கணக்கில்லை. வீட்டுக்குப் போனால் பேச வாய் வராது. என் கணவர் ஏதாவது கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவேன்.

வருடக் கடைசியில், ஒரு திங்கட்கிழமை, திரும்பவும் நடந்தது. அவளுடைய கூட்டாளிப் பிள்ளை முதல்நாள் குடும்பத்தோடு உடப்புப் பக்கம் போய் வந்திருந்தாள். வழியில் வாங்கிய கச்சானில் கொஞ்சத்தைச் சட்டைப்பையில் மறைத்து வைத்திருந்தாள், ஆசையான கூட்டாளிக்குக் கொடுப்பதற்காக. சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்த நான் சட்டைப்பையைப் பார்க்கவில்லை.

ராத்தாதான் முதலில் கண்டார். “டீச்சர், புள்ளட வாயப் பாருங்க.”

இந்தமுறை அவர் தண்ணீர்க் கோப்பையைத் தேடவில்லை. பாயை விரித்துப் பிள்ளையைப் படுக்கவைத்தார். காலைத் தூக்கி ஒரு சின்னக் கதிரையில் வைத்தார். அவருடைய உதடு அசைந்துகொண்டிருந்தது. ஓதினார் என்று நினைக்கிறேன். நான் குப்பியை உடைத்தேன். விரலில் கண்ணாடி கீறியது. கோடுவரை இழுத்தேன். பிள்ளை இருமிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

“குத்தப்போறன் மகள். நோகும்.”

“ஓம்” என்றாள்.

குத்தினேன். ராத்தா அவளுடைய முழங்காலை அழுத்திப் பிடித்திருந்தார். பிறகு ஆட்டோ, உம்மாவுக்குப் போன், ஆஸ்பத்திரிக்குப் போன். ஆட்டோவுக்குள்ளும் அவளை என் மடியில் நீட்டிப் படுக்கவைத்துத்தான் கொண்டுபோனேன். பாதி வழியில் இருமல் குறைந்தது. “பசிக்கிது டீச்சர்” என்றாள்.

ஆஸ்பத்திரியில் நேரம் கேட்டார்கள். இந்தத் தடவை சொன்னேன். சரியாகச் செய்திருக்கிறீர்கள் என்று டொக்டர் சொன்னார். குறைந்த பிறகும் திரும்பி வரலாம் என்று வார்ட்டில் வைத்துக்கொண்டார்கள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வாங்கில் உட்கார்ந்து, விரலில் காய்ந்த இரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கச்சான் கொடுத்த பிள்ளைக்கு என்ன சொல்வது என்றுதான் யோசனை. அவள் ஆசையில் கொடுத்தவள். அன்பாகக் கொடுத்தது தப்பு என்று நாலு வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? கடைசியில், ‘தின்னக் குடுக்கிறதுக்கு முந்தி டீச்சருக்குக் காட்டணும்’ என்று மட்டும் சொன்னேன்.

உம்மா உப்பளத்திலிருந்து நேரே வந்தார். பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.  “காலயில இருந்து ஒண்டும் தின்னல்ல போல, டீச்சர்” என்று தன் பையிலிருந்து பாணும் சம்பலும் சுற்றிய பொதியை எடுத்து இரண்டாகப் பிய்த்தார். இருவரும் சாப்பிட்டோம்.

ஜனவரியில் அவள் முதலாம் வகுப்புக்குப் போனாள். பள்ளிக்கூடத்து டீச்சரைப் பார்க்க நானும் உம்மாவோடு போனேன். அவருடைய வகுப்பில் நாற்பது பிள்ளைகள். நான் சொல்லச்சொல்ல அவர் கையை விரித்து, “எனக்கு ஊசியெல்லாம் ஏலாது டீச்சர், பயம்” என்றார். நான் பையிலிருந்து ஒரு தோடம்பழத்தையும் சிரிஞ்சையும் எடுத்து மேசையில் வைத்தேன். முதலில் தொடமாட்டேன் என்றார். இரண்டாவது தடவை ஊசி வழுக்கியது. நாலாவது தடவை சரியாக இறங்கியது. “இன்னும் ஒருக்காப் பாப்பமா?” என்று அவரே கேட்டார்.

வீட்டுக்கு வந்து, உடுப்பு மாற்றாமலே படுத்தேன். அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது தூக்கத்தில் கேட்கவில்லை.