சிரிப்பெல்லாம் அண்ணனுக்கே

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். குடும்பத்தில் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவன் நான். எல்லோருக்கும் பிடித்தவர் அவர். இந்தப் பங்கீடு எங்கள் சிறுவயதிலேயே முடிந்துபோன ஒன்று. மேல்முறையீட்டுக்கு இடமில்லை.

அண்ணன் பிறந்தது கொடுமுடியில். அப்பா அங்கே ஒரு மண்டியில் எடை போடுபவராக இருந்தார். அவர் திடீரென்று காலமானபோது நாங்கள் இருவரும் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தோம். அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு கோவைக்கு வந்தார். அண்ணன் படிப்பை விட்டு மில் வேலைக்குப் போனார். அந்தச் சம்பளத்தில்தான் நான் பட்டம் வரை படித்தேன். இதை நான் எங்கும் மறைத்ததில்லை. ஆனால் இன்னொன்றும் உண்டு. அப்பா போன பிறகு அம்மா முதன்முதலாகச் சிரித்தது, மில் மேஸ்திரி நடப்பதை அண்ணன் நடந்து காட்டிய மாலையில். அன்றுதான் நான் வகுப்பில் முதலாவதாக வந்திருந்தேன். சொன்னேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்படியா கண்ணு, சந்தோசம்" என்றார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, "இன்னொருக்கா நடந்து காட்டு சாமி" என்றார்.

மில் மூடப்பட்ட பிறகு அண்ணன் முடங்கிவிடவில்லை. ஆர்.எஸ்.புரத்தில் கேபிள் இணைப்பு கொடுத்துவந்த நண்பர் ஒருவர், ஞாயிறு மாலைகளில் அரை மணி நேரம் கேமரா முன்னால் உட்கார்ந்து பேசச் சொன்னார். அண்ணன் வேட்டி சட்டையோடு போய் உட்கார்ந்தார். ஒத்திகை கிடையாது, குறிப்பு கிடையாது. சில மாதங்களில் அவர் நடந்து போனால் ஆட்டோக்கள் நின்றன. நான் தாலுகா அலுவலகத்தில் ஆயுளில் பாதியைக் கழித்தவன். எந்த மனு எந்த மேசைக்கு, எந்த இணைப்புகளோடு போக வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஊருக்கு நான் 'டிவிக்காரர் தம்பி'.

அவர் பேசியது பெரும்பாலும் நான் சொன்னவற்றைத்தான். உடுமலைப்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்கு அண்ணனோடு போயிருந்தபோது, மண்டப வாசலில் ஒரு நாய் என் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. சுற்றியிருந்தவர்கள் பதறினார்கள். "நாய் யாரு ஊட்டுதுன்னு மொதல்ல தெரியட்டுமுங்க. அப்பறமாக் கத்திக்கறேன்" என்றேன். பெண் வீட்டு நாயா, மாப்பிள்ளை வீட்டு நாயா என்று தெரியாமல் சத்தம் போட்டு, சம்பந்திகளில் ஒருவர் மனம் வருந்திவிட்டால் என்ன செய்வது? உண்மையான கவலையில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை, டிஞ்சர் தேடிப் போனார்கள். அடுத்த ஞாயிறு அண்ணன் அதே வாக்கியத்தை ஓர் எழுத்தும் மாற்றாமல் டிவியில் சொன்னார். அக்கம்பக்கத்து வீடுகளின் சிரிப்பு என் ஜன்னல் வழியாக வந்தது. கடிபட்டவன் உள்ளே கட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு நாளாவது ஒரு கூட்டம் என் பேச்சுக்குச் சிரிக்க வேண்டும் என்பது என் ஆசை. என் பணி ஓய்வுப் பாராட்டு விழாவுக்கு நிகழ்ச்சி நிரலை நானே தயாரித்தேன். அண்ணனை, எல்லோரும் காபிக்கு எழுந்துவிடும் நேரத்தில் கடைசியாக வைத்தேன். எழுதித் திருத்தி மனப்பாடம் செய்திருந்த என் ஏற்புரையைக் கூட்டம் மரியாதையாகக் கேட்டது. பிறகு அண்ணன் எழுந்தார். எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

"டிவியில நாஞ் சொல்றதுல முக்காவாசி எந்தம்பி ஊட்டுல பேசறதுங்க. நான் சும்மா எடுத்துச் சொல்றேன், அவ்வளவுதானுங்க."

முழு உண்மை. கூட்டம் நாற்காலியைத் தட்டிச் சிரித்தது. எனக்குச் சேர வேண்டியதை அவர் பொது மேடையில் திருப்பிக் கொடுத்தார். அதையும் அவருடைய நகைச்சுவை என்றே எடுத்துக்கொண்டார்கள். மேடையிலிருந்து என்னைப் பார்த்துக் கையை விரித்தார். இதற்கு நான் என்ன செய்யட்டும் என்பதுபோல.

தொண்டையில் வந்த நோய் கடைசியில் அவர் குரலை எடுத்துக்கொண்டது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு வெறும் மூச்சுதான் மிச்சம். பார்வையாளர் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒரு நாள் அவருடன் மில்லில் வேலை செய்த நண்பர் ஒருவர் அறை வாசலில் வந்து தயங்கி நின்றார். நான் எழுந்து போய், "பாக்கறதுக்கு அனுமதி இல்லீங்க. ஆனா திரும்பிப் போறதுக்கு முன்னாடி நிக்கறதுக்குத் தடை எதுவும் சொல்லலீங்க" என்றேன். அவர் என்னைத் தாண்டிக் கட்டிலைப் பார்த்தார். அண்ணன் ஒற்றைப் புருவத்தைத் தூக்கினார். அவ்வளவுதான், நண்பர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வார்த்தை என்னுடையது, சிரிப்பு புருவத்துக்குப் போனது. மூக்கில் குழாயோடு படுத்திருப்பவர்மீது பொறாமைப்பட முடியும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

நண்பர் போனதும் அண்ணன் என்னைக் கிட்டே கூப்பிட்டார். காதை அவர் வாயருகில் வைத்துத்தான் கேட்க முடிந்தது.

"நல்லாருந்துது தம்பி. 'ஆனா'ன்னு சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் நிறுத்தோணும்."

என் பேச்சு நன்றாக இருக்கிறது என்று அவர் என்னிடம் சொன்னது அதுதான் முதல் முறை. அந்த வாரமே காலமானார்.

அவரைக் கடைசிவரை கவனித்த டாக்டர்களும் நர்ஸம்மாக்களும், அண்ணியைத் தனியே விடாமல் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டாரும், வாராவாரம் வந்து போன கேபிள் நண்பரும் செய்ததை எங்கள் குடும்பம் மறக்காது.

இந்த ஓராண்டில், வந்தவர்களிடம் நானும் நிறுத்திப் பேசிப் பார்த்தேன். மறந்துவிட்டேன் என்று நினைத்து அவர்களே அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுக்கிறார்கள். இல்லாவிட்டால் பட்டா மாறுதலுக்கு எங்கே போவது என்று கேட்கிறார்கள். சொல்லி அனுப்புகிறேன். அண்ணன் நிறுத்தினால் ஊரே மூச்சைப் பிடித்துக் காத்திருந்தது. அப்படிக் காத்திருந்த உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நன்றி.