டில்லிபாபு கறுப்பாக்கிய கடல்

ராயபுரத்தில் கல்யாண ஆல்பம் போடும் ஸ்டுடியோ ஒன்றில் டில்லிபாபுவுக்கு வேலை. நாளெல்லாம் கம்ப்யூட்டரில் மணப்பெண்களை வெளுப்பாக்கிச் சலித்தவன், தான் எண்ணூரில் எடுத்த கடல் படத்தை ஆசைதீரக் கறுப்பாக்கினான். சாதாரண மேகம் புயலாகிவிட்டது. அலையையும் கொஞ்சம் உயர்த்தி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டான்.

சாயங்காலம் சடையங்குப்பத்திலிருந்து அம்மா பச்சையம்மா போன் செய்தாள்.

"இன்னா நைனா, பெரும்புயலாமே! எண்ணூர் போட்டோ ஒண்ணு எல்லார் போன்லயும் சுத்திகினு கீது. வூட்டுக்குள்ள தண்ணி பூந்துடும்னு பிரிட்ஜைத் தூக்கிக் கட்டில் மேல வெச்சிட்டோம்."

"அய்யோ, அது நான் கம்ப்யூட்டர்ல பண்ணதும்மா. புயலே கெடையாது."



"அப்போ நீயே வந்து எறக்கு. நம்ம வூட்ட முடிச்சிட்டு, அப்டியே தெரு பூரா எறக்கி வெச்சிட்டுப் போ."