ஒரு பெட்டிக்குள் ஐந்து குடித்தனம்

என் சித்தி ஒரு மருத்துவமனையின் தொலைபேசி இணைப்பகத்தில் இருபத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்தாள். அங்கே எல்லோருக்கும் அவள் ‘ஹலோ அக்கா’. திடீரென்று இணைப்பகத்தை மூடப் போவதாகச் சுற்றறிக்கை வந்தது. கணினிப் பிரிவில் ஓர் இடம் காலியாக இருந்தது. செய்முறைத் தேர்வில் தேறினால் அந்த வேலை, இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பழகிப் பார்க்க ஒரு சர்வரைத் தொடலாமா என்று பிரிவுத் தலைவரிடம் கேட்டாள்.

“நோயாளிங்க விவரம் எல்லாம் இருக்கும்மா. தெரியாதவங்க கை வைக்கக் கூடாது.”

“கை வைக்காம எப்படி சார் தெரிஞ்சுக்கறது?”

“அதுக்குத்தான் இன்ஸ்டிட்யூட் இருக்கே.”

கரையில் பிடித்து நிறுத்திவிட்டு நீச்சல் தெரியுமா என்று கேட்கிற நியாயம் இது. உலகில் பாதிப் பேரைத் தகுதியற்றவர்கள் ஆக்கியது அறிவுக் குறைவு அல்ல, இப்படிச் சாத்தி வைத்த கதவுகள்தான். சித்தி தட்டிக்கொண்டு நிற்கவில்லை. பழைய இரும்புக் கடைக்கு எடைக்கு வந்திருந்த ஓர் அலுவலகக் கணினியை வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து சேர்ந்தாள்.

சித்தப்பா தையல்காரர். அவருடைய மெஷினுக்குப் பக்கத்தில், மூடியில்லாத அந்தப் பெட்டிக்கு இடம் கிடைத்தது. ஒரே கணினிக்குள் பல கணினிகள் இருப்பதுபோல இயங்க வைக்கும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு வீட்டைத் தடுத்துப் பல குடித்தனம் வைப்பது மாதிரி. அந்த மெய்நிகர் கணினிகளில் எதை உடைத்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. சித்தி ஐந்தை உருவாக்கி, அடையாளத்துக்கு உறவுமுறைகளையே பெயராக வைத்தாள்: மாமனார், நாத்தனார், கொழுந்தன், ஓரகத்தி, சம்பந்தி.

ஐந்தையும் சேர்த்துத் தொடங்கியதும் பெட்டி மூச்சுத் திணறி நின்றது. இருந்த நினைவகம் எட்டு ஜிபி. சித்தி ஆளுக்கு இரண்டாகப் பங்கு வைத்திருந்தாள்.

“எட்டு மீட்டர் துணியில அஞ்சு பேருக்கு ரெண்டு ரெண்டா வெட்டுனா எப்படி?” என்றார் சித்தப்பா, ஊசியில் நூல் கோத்தபடி.

“உறவாச்சே. ஒருத்தருக்குக் குறைச்சா நல்லாவா இருக்கும்?”

“என் தங்கச்சிக்கு முதல்ல குறை. எவ்வளவு குடுத்தாலும் பத்தாதுன்னுதான் சொல்லப் போறா.”

படமும் ஜன்னலுமாக இருந்த அலங்காரத்தையெல்லாம் விட்டுவிட்டு, எழுத்து மட்டும் ஓடும் கறுப்புத் திரையாக ஐந்தையும் மறுபடி நிறுவினாள். ஆளுக்கு அரை ஜிபி. ஐந்தும் ஓடின. அப்புறம் மூன்று மாதம் வீட்டில் இதே பேச்சு.

“ஓரகத்தி மாமனார்கிட்ட பேச மாட்டேங்குறா.”

“நடுவுல ஃபயர்வால் தடுக்குதான்னு பாரு,” என்பார் சித்தப்பா, காஜா எடுத்துக்கொண்டே. கேட்டுக் கேட்டே பாதி படித்துவிட்டார் மனிதர்.

தேர்வில் சித்திதான் முதல். ஆனால் நியமனப் படிவத்தில் ‘பயிற்சி பெற்ற நிறுவனம்’ என்ற இடத்தில் வீட்டு முகவரியை எழுதியிருந்தாள்.

“இப்படி எழுதினா மேலே அனுப்ப முடியாதும்மா,” என்றார் தலைவர்.

“பொய் எழுதினா அனுப்புவீங்களா சார்?”

“பார்த்தவங்க யாராவது சான்று தரணுமே.”

“நீங்களே வந்து பாருங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று மாடி ஏறி வந்துவிட்டார். நாற்காலியில் துணி குவிந்திருந்ததால் தரையில் உட்கார்ந்தார். திறந்த பெட்டியைப் பார்த்தார். ஐந்து பெயர்களையும் படித்தார். சிரிக்கவில்லை.

“நாத்தனாரை அழிச்சிருங்க.”

சித்தி அழித்தாள்.

“இப்ப பழையபடி கொண்டு வாங்க.”

தனி வட்டில் நகல் வைத்திருந்தாள். பதினோராவது நிமிடம் நாத்தனார் எழுந்து மற்ற நால்வருக்கும் பதில் சொன்னாள். சித்தப்பா அதுவரை மெஷினை மிதிக்கவே இல்லை.

முகவரிக்குப் பக்கத்தில் ‘நேரில் பார்த்தேன்’ என்று எழுதித் தலைவர் கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை.

“ஓரகத்தியில நான் ஒண்ணு செஞ்சு பார்க்கட்டுமா? ஆஸ்பத்திரி சர்வர்ல கை வைக்க எனக்கும் பயம்தான்.”

சித்தி கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“உடைங்க சார். எழுப்பிக்கலாம்.”