வெள்ளையடித்த ஆற்றங்கரைச் சுவர்

போன கிழமை நான் இங்கே பிரெஞ்சு நாட்டில், நம் லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் இல்லை. வேல்ஸில் இருந்தேன். மரக்கறிக்கடையில் இதைச் சொன்னபோது, "அது லண்டனுக்குப் பக்கத்திலையோ அக்கா?" என்று கேட்டார்கள். நம் சனத்துக்குக் கடலைத் தாண்டினால் எல்லாமே லண்டன்தான்!

என் தம்பி குகன் அங்கே ஒரு சின்ன ஊரில் கடை வைத்திருக்கிறான். ஊரின் பெயரை எழுதச் சொல்லாதீர்கள்... அதை நீங்கள் வாசித்து முடிப்பதற்குள் இந்தப் பக்கம் தீர்ந்துவிடும். வருடக்கணக்காக வாடகைக்கு இருந்த கடையையும் அதன் மேல்மாடி வீட்டையும் இப்போது சொந்தமாகவே வாங்கிவிட்டான். சனிக்கிழமை குடிபூரல். அக்கா வராமல் பால் பொங்குமா? ரயில் மாறி ரயில் ஏறி, கடைசியில் அவனுடைய வான் வண்டியில் ஆடுகளுக்கு வழிவிட்டு வழிவிட்டுப் போய்ச் சேர்ந்தேன்.

வீட்டைப் பார்த்ததும் மனம் நிறைந்துவிட்டது. ஆற்றுப் பக்கச் சுவர் பால் வெள்ளையாக மின்னியது. குடிபூரலுக்கு முன்னம் வெள்ளையடிக்காமல் விடலாமோ என்று தம்பி தானே ஏணி வைத்து அடித்திருக்கிறான். நல்ல வடிவாய்க் கிடக்கு என்று நானும் மெச்சினேன்.

அடுத்த நாள் காலை தம்பியின் மனைவி வசந்தி ஊரைச் சுற்றிக் காட்டினாள். ஊர் என்ன ஊர்... ஒரு தெரு, ஒரு பாலம், ஒரு ஆறு. ஆனால் பாருங்கள், அந்தப் பாலத்தில் நின்றால் நகர மனம் வராது. முழுக்கக் கருங்கல். ஒரு கார் போகத்தான் அகலம். நடுவில் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன மூலைகள் ஒதுக்கிக் கட்டியிருக்கிறார்கள். மாட்டு மந்தைகளை இங்கிலாந்துச் சந்தைக்கு ஓட்டிப்போன காலத்தில், மந்தை வந்தால் நடந்துபோகிறவர்கள் ஒதுங்கி நிற்கத்தானாம். முன்னூறு வருடங்களுக்கு முன்னால் ஒருவன் கல்லைச் செதுக்கும்போது, நடந்து வருகிற ஏழைச் சனத்தையும் யோசித்திருக்கிறான்! நம் மெற்றோவில் பின்னேரம் ஆறு மணிக்கு எனக்காக யார் அப்படி யோசித்தார்கள்?

பாலத்துக்கு இந்தப் பக்கம் பழைய கிறிஸ்தவக் கோயில். கோயிலைவிட வயதான மரம் ஒன்று அதன் வாசலில் நிற்கிறது. அந்தப் பக்கம் இன்னொரு சின்னத் தேவாலயம். அங்கே பிரசங்கமும் பாட்டும் வெல்ஷ் மொழியில்தான். ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் தண்டனையாக மரத்துண்டைக் கட்டித் தொங்கவிட்டார்களாம். இன்றைக்கு அந்த ஊர்த் தெருவில் 'மெதுவாகப் போ' என்பதைக்கூட இரண்டு மொழியில் எழுதியிருக்கிறார்கள். வெல்ஷ்தான் முதலில். நாங்கள் தமிழில் கேட்டால் பிள்ளைகள் பிரெஞ்சில் பதில் சொல்கிறார்கள். எங்கள் பிள்ளைகளின் கழுத்தில் யாரும் ஒன்றும் கட்டவில்லையே!

தம்பியின் கடையும் சும்மா கட்டடம் இல்லை. அந்தக் காலத்தில் ஆற்றுத் தண்ணீரில் சக்கரம் சுற்றி மா அரைத்த மில் அதன் பக்கத்தில் இருந்தது. சக்கரம் போய்விட்டது. மில்காரரின் வீடுதான் இப்போது கடை. கடைசி மில்காரரின் மகள் மேகன், எதிரில் இருக்கும் பப்பை நடத்துகிறார். என் வயதிருக்கும். தோளில் துவாய், காலில் றப்பர் சப்பாத்து, நல்ல சிரிப்பு.

அந்தச் சிரிப்பு அன்று பின்னேரம் நின்றுபோனது.

பால் வாங்க வந்த மேகன், குறுக்கு வழியில் ஆற்றுப் பக்கமாகத் திரும்பினார். வெள்ளைச் சுவரைப் பார்த்தார். அப்படியே நின்றார். கையை நீட்டிச் சுவரைத் தடவினார். பிறகு வசந்தியிடம் மெதுவாக என்னவோ சொல்லிவிட்டு, பாலும் வாங்காமல் போய்விட்டார்.

அவர் சொன்னது இதுதான். அந்தச் சுவரில்தான் ஊரின் வெள்ளமெல்லாம் இருந்தது. ஆறு பெருகி வரும் ஒவ்வொரு முறையும், தண்ணீர் ஏறிய உயரத்தில் மில்காரர் ஒரு கோடு போட்டு வருடத்தை எழுதுவார். பாட்டன், பூட்டன் காலத்துக் கோடுகள். கடைசிக் கோடு மேகனின் அப்பா போட்டது. எல்லாவற்றின் மேலும் என் தம்பி இரண்டு தரம் வெள்ளை பூசியிருக்கிறான்!

அவனும் அந்தக் கோடுகளையும் எண்களையும் பார்க்காமல் இல்லை. வீடு கட்டிய மேசன்மார் அளவுக்குப் போட்ட அடையாளம் என்று நினைத்துக்கொண்டு, அதற்கு முன்னால் வெறும் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தானாம். ஒருவராவது சொல்லக்கூடாதா என்று எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தால்... ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததை யார்தான் புதிதாக வந்தவனுக்குச் சொல்வார்கள்? தெரிந்திருக்கும் என்றுதானே நினைப்பார்கள்.

தம்பி வாளியும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு ஓடினான். தேய்த்த இடத்தில் வெள்ளையோடு கோடும் சேர்ந்து உரிந்து வந்தது. பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டுச் சுவரோடு சாய்ந்து இருந்துவிட்டான். சோறு போட்டு வைத்தேன். தொடவில்லை.

"இனி எந்த முகத்தோட அக்கா இஞ்சை இருக்கிறது? கடையை வித்துப்போட்டு லாச்சப்பலுக்கே வாறன்."

முழு ஊரையும் அழைத்திருந்தார்கள். வடைக்கு உளுந்து வேறு ஊறிக்கொண்டிருந்தது. யார் வருவார்கள் இனி? இந்த ஊரை விட்டால் என் தம்பிக்கு வேறு ஊர் இல்லை. அவனுடைய பிள்ளைகள் பிறந்ததும் படிப்பதும் இங்கேதான்.

சனிக்கிழமை விடியக் காலமை நல்ல நேரத்தில் பால் பொங்கியது. நாங்கள் மட்டும்தான் நின்றோம். பொங்குகிற பாலைப் பார்த்தும் தம்பி சிரிக்கவில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தோம். தெருவில் ஒரு குஞ்சு குருமானையும் காணோம்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டினேன்.

பாலத்தின் மேல் சனம் வந்தது. முன்னுக்கு மேகன். கையில் ஒரு பழைய பிஸ்கட் பெட்டி. மற்றவர்கள் கையில் கேக், பூங்கொத்து, சட்டம் போட்ட படங்கள். நேரே கடை வாசலுக்கு வரவில்லை. ஆற்றுப் பக்கம் போய் வெள்ளைச் சுவருக்கு முன்னால் கூடினார்கள். பெட்டிக்குள் இருந்ததெல்லாம் அந்தச் சுவரோடு நின்று எடுத்த போட்டோக்கள்... கல்யாண மாப்பிள்ளை, பெண், குழந்தைகள், நாய்கள். படத்தில் ஜன்னல் கல்லுக்கு எத்தனை விரற்கடை மேலே கோடு தெரிகிறது என்று பார்த்துப் பார்த்துக் கறுப்புப் பெயின்றால் திரும்பக் கீறத் தொடங்கினார்கள்.

சண்டை இல்லாமல் நடக்குமா? தன் தாத்தா காலத்து வெள்ளம்தான் பெரியது என்று ஒரு கிழவர். இல்லவே இல்லை, தான் கல்யாணம் கட்டிய வருடத்து வெள்ளம்தான் என்று ஒரு அம்மா. வெள்ளத்திலும் பெருமை பிடிக்கிற சனத்தை அங்கேதான் கண்டேன்! வசந்தி வடைத் தட்டோடு வெளியே போனாள். வாயில் வடையோடு தகராறு தொடர்ந்தது.

மேகன் தன் அப்பாவின் கோட்டைத் தானே போட்டார். பிறகு திரும்பி, தூர நின்ற என் தம்பியைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

போன மாரியில் ஆறு கடைக்குள் வந்தது. அப்போது மேல் ஜன்னலில் இருந்து ஊருக்கெல்லாம் வாளியில் பாண் ரொட்டியும் மெழுகுதிரியும் இறக்கியவன் இவன். அந்த வெள்ளத்துக்கு ஏன் கோடு போடவில்லை என்று மேகன் கேட்டார். தம்பி நிலத்தைப் பார்த்தபடி சொன்ன பதிலை வசந்தி எனக்குத் தமிழில் சொன்னாள்: தெரிந்திருந்தாலும், வாடகைக்கு இருக்கிறவன் அடுத்தவன் சுவரில் கீறலாமோ?

மேகன் சிரித்தார். முதல்நாள் நின்றுபோன அதே சிரிப்பு. பிரஷ்ஷை அவன் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார். அதையும் வசந்திதான் சொன்னாள்.

"கோடு போடுறது வீட்டுக்காரன்ர வேலை. இப்ப வீட்டுக்காரன் நீதானே... கீறு."

என் தம்பி பிரஷ்ஷைப் பெயின்றில் தோய்த்தான். தன் நெஞ்சளவில் ஒரு கோடு போட்டான். வருடத்தை எழுதினான். சனம் கைதட்டியது. நான் வெட்கமில்லாமல் நடுத்தெருவில் நின்று அழுதேன்.

தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று தன் வீட்டுச் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறான்... இனி எந்த மடையன் அதை வாங்குவான்? நல்லது, அவன் அங்கேயே இருக்கட்டும்!